இடுப்பு பிடிக்கத் தெரிந்த ஜெபக்காரி

பிள்ளை பெறும்போது பக்கத்தில் நிற்க ஓர் அம்மாளுக்கு 1,400 டாலர் பேசியிருக்கிறோம் என்று மகள் ஹூஸ்டனிலிருந்து போனில் சொன்னாள். “அப்போ நாகர்கோவில்ல இருந்து நான் எதுக்கு மக்களே வாறேன்?” என்றேன். “நீங்க உளுந்தங்களி கிண்டவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும்மா. அவங்க பிரசவ ரூமுக்கு” என்றாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆட்களை மேய்க்கிறவள், வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டாள்.

டூலா என்கிறார்கள். மருத்துவச்சி இல்லை, நர்ஸும் இல்லை. கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று அவர் பார்க்கக்கூடாது; குழந்தையின் நெஞ்சுத்துடிப்பைக் கேட்கக்கூடாது; ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக்கூடாது. வலி பிடித்ததிலிருந்து பிள்ளை முதல் பால் குடிக்கும்வரை கூடவே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பிரசவத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்து பேசுவார், பின்னாலும் ஒருமுறை வந்து பார்ப்பார். 38ஆவது வாரத்திலிருந்து நடுராத்திரி கூப்பிட்டாலும் போனை எடுப்பார். அதே நேரத்தில் இன்னொருத்திக்கும் வலி வந்துவிட்டால் யார் வருவார் என்று மாற்றாளின் பெயர்கூட ஒப்பந்தத்தில் இருந்தது. இன்சூரன்ஸ் ஒரு காசும் தரவில்லை.

மகளும் மருமகனும் தேடியது கிறிஸ்தவ டூலாவை. டெக்சஸில் அதற்குப் பஞ்சமில்லை. சபை வழியாகவே விசாரிக்கலாம். பிரசவ அறைச் சுவரில் ஒட்ட வசன அட்டை, வலி நேரத்தில் போட ஆராதனைப் பாட்டு, ஜெபிக்கலாமா வேண்டாமா, ஜெபித்தால் சத்தமாகவா மனதுக்குள்ளா என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. நான் பிறந்தது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில். 1838இல் டாக்டர் ராம்சே தொடங்கி, எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சாமர்வெல் பிற்பாடு கத்தி பிடித்த இடம். எங்கள் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிகளில் பிரசவ வார்டில் நர்ஸம்மா தலையில் கை வைத்து ஜெபிப்பது, டெட்டால் வாசனையைப்போல, யாரும் கேட்காமல் கிடைப்பது. மிஷனரிகளை அனுப்பிய ஒரு தேசத்தில் இப்போது அதற்குத் தனியாக ஆள் பேச வேண்டியிருக்கிறது. குறை சொல்லவில்லை. எல்லா மதத்துப் பெண்களும் வருகிற ஆஸ்பத்திரியில் நர்ஸ் தன் மதத்தை உள்ளே கொண்டுவராமல் இருப்பதும் ஒரு மரியாதைதான்.

ஆள் தேடியபோது பேசிப் பார்த்தவர்களில் ஒருவர் எங்களைவிட அதிக பக்தி உள்ளவர். வலி தெரியாமலிருக்கப் போடும் எபிட்யூரல் ஊசியைப் பற்றி மகள் கேட்டதும், கர்த்தர் இந்த உடம்பைப் பிள்ளை பெறுவதற்கென்றே படைத்திருக்கிறார், விசுவாசம் இருந்தால் ஊசி தேவைப்படாது என்றார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார். எனக்கு அடிவயிற்றில் பற்றிக்கொண்டு வந்தது. ராகேல் விசுவாசக் குறைவாலா செத்தாள்? மருத்துவச்சி பக்கத்தில் இருந்து தைரியம் சொல்லியும் பென்யமீனைப் பெற்றுவிட்டுப் போய்விட்டாள், வேதத்திலேயே இருக்கிறது. எடின்பரோவில் டாக்டர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1847இல் பிரசவத்துக்கு குளோரோஃபார்ம் கொடுத்தபோதும், ஏவாளுக்குச் சொல்லப்பட்ட வேதனையை மாற்ற மனுஷன் யார் என்று கிளம்பினார்கள். அவரும் ஆதியாகமத்தையே புரட்டி, ஆதாமை அயர்ந்து தூங்க வைத்துவிட்டுத்தானே கர்த்தர் விலா எலும்பை எடுத்தார் என்று பதில் எழுதினார். 1853இல் விக்டோரியா மகாராணி தன் பேறுகாலத்தில் அதே குளோரோஃபார்மை மோந்தார். இங்கிலாந்து திருச்சபையின் தலைவியே மோந்த பிறகு சாதாரணப் பெண்ணை யார் குற்றம் சொல்வது?

கடைசியில் அமர்த்தியவர் ஐம்பது வயது தாண்டிய கறுப்பின அம்மாள். அவரிடமும் மகள் அதே கேள்வியைக் கேட்டாள். “வலி உன்னுடையது, முடிவும் உன்னுடையது. ஊசி போட்டாலும் நான் வீட்டுக்குப் போக மாட்டேன். ஊசி போட்ட பிறகுதான் உன்னைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும்” என்றார். யாத்திராகமத்து மருத்துவச்சிகள் சிப்பிராளையும் பூவாளையும் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்: பார்வோனின் பெயரை எழுதாத புத்தகம் அந்த இரண்டு பேரின் பெயரை எழுதி வைத்திருக்கிறது. அதற்குமேல் பிரசங்கம் பண்ணவில்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று.

அமெரிக்கப் பிரசவ அறையில் கருவிகள் நிறைய, ஆள் குறைவு. நர்ஸ் நல்லவர்தான், ஆனால் அவருக்கு அடுத்த அறையும் இருக்கிறது, தட்டச்சு செய்ய வேண்டிய கணினியும் இருக்கிறது. டாக்டர் தலை தெரியும் நேரத்தில் வருவார். காலை ஏழு மணிக்கு நர்ஸ் மாறிப்போய்ப் புது முகம் வரும். மாறாமல் நின்றது டூலா ஒருவர்தான். வலி ஏறும்போது மகளின் இடுப்பின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கைகளால் அழுத்தி உள்ளே நெருக்கிப் பிடிப்பார். மூன்று பிள்ளை பெற்ற எனக்கு அப்படி ஒரு பிடி உண்டென்று அன்றைக்குத்தான் தெரியும். மருமகனைக் கூப்பிட்டு எங்கே கை வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். அதுவரை தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று நின்றவருக்கு ஒரு வேலை கிடைத்தது. பிரசவ அறையில் ஆண்பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் பாதி பதற்றம் அடங்கிவிடும்.

அவர் ஜெபித்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில், மெல்லிய குரலில், இரண்டு மூன்று வாக்கியம். அடுத்த வலி கிளம்பினால் ஜெபம் வாக்கியத்தின் பாதியில் நின்றுவிடும். கை இடுப்புக்குப் போய்விடும். ஆமென் சொல்லி முடிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார். நீளமாக ஜெபிக்கத் தெரிந்தவர்களை எங்கள் சபையில் நிறையப் பார்த்திருக்கிறேன். நிறுத்தத் தெரிந்தவர்கள் அபூர்வம். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்கள் உங்கள் பாஷையில் ஜெபியுங்கள். எனக்குப் புரிய வேண்டாம், அவளுக்குப் புரியுமே” என்றார். மகள் ஊசி கேட்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை. போட்டு முடிந்ததும் நிலக்கடலை வடிவத்தில் இருந்த பெரிய ரப்பர் பந்து ஒன்றை அவள் முழங்கால்களுக்கு நடுவே கொடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்கு முன் பேத்தி பிறந்தாள்.

இந்தத் துணைக்குக் கணக்கும் உண்டு. மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் என்ற குழந்தை மருத்துவர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் முதலில் குவாத்தமாலாவில் செய்த ஆய்வு 1980இல் வெளிவந்தது. அடுத்து அதே ஹூஸ்டனில், ஒரு பொது ஆஸ்பத்திரியில் முதல் பிரசவத்துக்கு வந்த 412 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு டூலா. மறுபாதியின் அறையில் ஓர் ஆள் பேசாமல், தொடாமல், உட்கார்ந்து குறிப்பு மட்டும் எடுத்தார். இரண்டும் இல்லாத இன்னொரு கூட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டார்கள். யாரும் இல்லாதவர்களில் 18 சதவீதம் பேருக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுக்க வேண்டிவந்தது. பேசாத ஆள் இருந்தவர்களில் 13. டூலா இருந்தவர்களில் 8. 1991இல் வந்த இந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது அந்த நடு எண்தான். வாயைத் திறக்காமல் ஓர் உருவம் அறையில் இருந்ததற்கே அவ்வளவு பலன் என்றால், மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த நானும் வெறுமனே இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். 2017இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு 17 நாடுகளில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஏறக்குறைய அதையே சொன்னது. நம் நாட்டிலும் 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஒரு துணையை உள்ளே விடச் சொல்லியிருக்கிறது.

அந்த எண்களெல்லாம் நல்ல துணையைப் பற்றியவை. துணை நின்றவள் எந்தச் சபை என்று அவை பிரித்துக் காட்டவில்லை. கர்ப்பப்பை வாய்க்கு மதம் கிடையாது. கிறிஸ்தவ டூலாவால் என்ன லாபம் என்றால், என் மகளுக்குப் பயம் வந்தபோது அந்தப் பயத்தை ஜெபத்தின் பாஷையில் சொன்னாலும் புரிந்துகொள்ள ஒருத்தி இருந்தாள், அவ்வளவுதான். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதற்காகக் கை தெரியாத பக்திக்காரியை எடுப்பதைவிட, கை தெரிந்த, நம் நம்பிக்கையை மதிக்கிற வேறு மதத்துக்காரியை எடுப்பேன். டாக்டர் சொல்வதையெல்லாம் சந்தேகிக்க வைக்கிறவளை, எவ்வளவு வசனம் சொன்னாலும், வாசல்படி ஏற்ற மாட்டேன்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆள் பேசும்போது சபைப் பெயரைக் கேட்குமுன், நான் ஊசி கேட்டால் என்ன செய்வீர்கள், ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். மாற்றாளையும் ஒருமுறை நேரில் பாருங்கள். ஆபரேஷன் ஆகிவிட்டால் பல ஆஸ்பத்திரிகளில் தியேட்டருக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள். அது புருஷனா டூலாவா என்பதை வலி வருவதற்கு முன்னாலேயே வீட்டில் பேசி முடிவுசெய்துவிடுங்கள்.