அளவே மருந்து

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்பது நம் பாட்டிமாரின் வாய்மொழி. வள்ளுவப் பெருந்தகையும் ‘மருந்து’ என ஓர் அதிகாரம் வகுத்து, அதில் எந்த மருந்தின் பெயரையும் கூறாமல் அளவையே வற்புறுத்துகிறார். அறிவியல் மாணவனாகிய நான் இவ்வுண்மையை ஆய்வுக்கூடத்தில் அன்று, வீட்டில்தான் கற்றேன்.

பிழைப்புத் தேடி இராமநாதபுரத்திலிருந்து கடல் கடந்து அந்தமானுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. 2006ஆம் ஆண்டில் இத்தீவுகளில் சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவிற்று. உடலை வளைத்து முடக்குவது எனப் பொருள்படும் ஆப்பிரிக்கச் சொல் அது. என் அப்பத்தாவுக்குக் காய்ச்சல் சில நாட்களில் நீங்கியது, மூட்டுவலி நீங்கவில்லை. பின்னர் முதுமையும் அதனோடு சேர்ந்துகொண்டது.

சென்ற மழைக்காலத்தில் மருத்துவர் டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம் மாத்திரையை, உணவுக்குப் பின் நாளைக்கு இரண்டு என எழுதித் தந்தார். பக்கத்து வீட்டு அக்காள் அன்போடு கொடுத்த வேறொரு மாத்திரையையும் அப்பத்தா நாளைக்கு மூன்றாக விழுங்கி வந்தார். ஒரு வாரத்தில் வயிறு எரிந்தது. மலம் தார்போல் கறுத்தது. அட்டைகளின் பின்புறச் சிற்றெழுத்தைப் படித்தேன். பெயர்தான் இரண்டு, மருந்து ஒன்றே!

“ஏன் அப்பத்தா, ரெண்டையுமா சாப்பிட்டீங்க?” என்றேன்.

“அது வெள்ளை, இது மஞ்சள். வேற வேறதானேடா தம்பி?” என்றார்.

பெரியவர்களுக்கே பொதுவாக நாளொன்றுக்கு 150 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அவர் உண்டதோ 250. மருத்துவமனையில் இரண்டையும் நிறுத்தி, இரைப்பைப் புண்ணை ஆற்றிய பின்னரே வீட்டுக்கு அனுப்பினர்.

இது ஏன் நேர்கிறது? வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உண்டாவதை ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் தடுக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் கண்டறிந்தார். 1982இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். டைக்ளோஃபெனாக்கும் இவ்வினத்ததே. ஆனால் அதே பொருளன்றோ இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. சிறுநீரகத்துக்குக் குருதி குறையாமல் பார்த்துக்கொள்கிறது! வலியை அடக்கும் கை காவலனையும் அடக்கிவிடுகிறது. அளவு கூடக் கூட இவ்வாபத்தும் கூடும்.

நம் தீவுகளுக்கு இன்னுமோர் எச்சரிக்கை உண்டு. ஒரு காலத்தில் அந்தமான் குருதிப்போக்குக் காய்ச்சல் எனப்பட்ட நோய், எலிக்காய்ச்சலே என்று 1990களில் தெளிவாயிற்று. அது சிறுநீரகத்தைத் தாக்கும். டெங்குவோ குருதியைக் கசியச் செய்யும். ஆகவே மழைக்காலக் காய்ச்சலில், நோய் இன்னதென்று தெரியுமுன் உடல்வலிக்கு இவ்வின மாத்திரையை நாமாக விழுங்குதல் தீயோடு விளையாடுவதாகும்.

தோழர்களே! சிற்றெழுத்தைப் படிக்கும் கல்வி நமக்கு வாய்த்திருக்கிறது. இவ்விடுமுறையில் கப்பலேறி ஊர் செல்வோரும், இங்கேயே தங்குவோரும், வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரே மருந்து இரு பெயரில் இருந்தால் பெரியவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லி, இரண்டு அட்டைகளையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாம் கற்ற கல்விக்கு இதைவிட அண்மையான பயன் வேறு உண்டோ?