இஞ்சின் நின்னா பரவால்ல, வண்டி நின்னா?

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. இன்னைக்கு எழுதியே தீரணும்னு உட்கார்ந்ததுக்குக் காரணம் எங்க மாமாவோட ஹைப்ரிட் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கினது. எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன் :)

எங்க ஊர் பேரணாம்பட்டு. ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் பக்கம். தோலும் பீடியும் சோறு போடுற ஊர். (2019-ல் மாவட்டத்தைப் பிரிச்சப்போ ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிடுச்சு, நாங்க வேலூர்லயே தங்கிட்டோம்.) பெங்களூர்ல பொட்டி தட்டுற எங்க ஊர்ப் பசங்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பத்தலப்பல்லி மலைப்பாதையில ஏறினா ஆந்திராவுல வி.கோட்டா, அங்கேர்ந்து கோலார் தங்கவயல் பக்கமா போனா பெங்களூர். ஒரே பயணத்துல மூணு மாநிலம். மே மாசத்துல அந்த ஏத்தத்துல ரேடியேட்டர் கொதிச்சு, பானெட்டைத் தூக்கி வச்சிக்கினு நிக்கிற லாரியைப் பார்க்காம நான் ஒரு தடவையும் போனதில்லை.

போன மே மாசம் அந்த வரிசையில நாங்களும் நின்னோம். மாமா ஓட்டுறார், நான் முன்னாடி, பாட்டி பின்சீட்ல. ஏசி முழுசா. ஏற ஏற பேட்டரி அளவு குறைஞ்சுகிட்டே வந்துது, இஞ்சின் மட்டும் தனியா கத்திக்கிட்டு இழுத்துது. அப்புறம் ஒரு எச்சரிக்கை விளக்கு. ஆக்சிலரேட்டரை மிதிச்சாலும் வேகம் வரல. அடுத்த கொண்டை ஊசி வளைவுல வண்டி மொத்தமா செத்துப் போச்சு. பின்னாடியே கல் ஏத்தின லாரி ஒண்ணு. லாரி கிளீனர் பையன் குதிச்சு ஓடி வந்து டயருக்குப் பின்னாடி கல்லு வச்சான். அவனுக்குக் கோடி புண்ணியம்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமாண்ணா?"ன்னு அவன் கேட்டான். அங்கதான் மேட்டரே இருக்கு.

சாதா வண்டியில இஞ்சின் நின்னா வண்டி நின்னுடுச்சுன்னு அர்த்தம். ஹைப்ரிட்ல இஞ்சின் நிக்கறதுதான் அதோட பிழைப்பே! சிக்னல்ல நிக்கும், மெதுவா போறப்போ நிக்கும், அப்படி மிச்சம் பிடிக்கிற பெட்ரோலுக்குத்தான் நாம கூடுதலா காசு கொடுக்கறோம். அதனால "இஞ்சின் ஆஃப் ஆயிடுச்சு"ங்கறது இங்க ஒரு செய்தியே இல்லை. மோட்டாரும் சேர்ந்து படுத்தாத்தான் ஆபத்து. டொயோட்டா பிரியஸ் மாதிரி அமைப்புல இஞ்சினை எழுப்ப தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, உள்ள இருக்கற ஜெனரேட்டர் மோட்டார்தான் எழுப்பி விடணும். அந்த மோட்டாருக்குக் கரண்டு இன்வெர்ட்டர் வழியாத்தான் வரணும். (வீட்ல கரண்டு போனா கை கொடுக்குமே, அதே பேர்தான். பேட்டரியோட டி.சி.யை ஏ.சி.யா மாத்துற அதே வேலைதான். என்ன, மூணாம் தலைமுறை பிரியஸ்ல 201.6 வோல்ட்டை 650 வோல்ட் வரைக்கும் ஏத்தியும் விடும்.) இன்வெர்ட்டர் படுத்துடுச்சுன்னா டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் இஞ்சினைக் கிளப்ப ஆள் இல்லை. ஊரே சேர்ந்து தள்ளினாலும் வேலைக்கு ஆகாது.

அப்போ இன்வெர்ட்டர் எதுக்குப் படுக்குது? சூடு. ஏத்தத்துல கரண்டு அதிகமா ஓட, உள்ள இருக்கற டிரான்சிஸ்டர்கள் சூடாகும். இஞ்சின் 90 டிகிரி வாக்குல சௌக்கியமா ஓடும், இன்வெர்ட்டர் அந்த அளவுக்குச் சூடான தண்ணியில குளிக்க முடியாது. அதனால அதுக்குன்னு தனிக் குழாய், தனி கூலன்ட் டப்பா, கரண்டுல ஓடுற சின்ன பம்ப் ஒண்ணு. அந்தப் பம்ப் லேசுப்பட்டதில்லை. பழைய பிரியஸ்ல அதுக்காகவே 2012-ல் டொயோட்டா வண்டிகளைத் திருப்பிக் கூப்பிட்டுது.

பிரியஸ் கதை நம்ம சாஃப்ட்வேர் சனங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 2004, 2005 மாடல்கள் ரோட்ல போயிட்டிருக்கறப்பவே திடீர்னு நிக்குதுன்னு அமெரிக்காவுல புகார் கிளம்பி, 2005 அக்டோபர்ல அங்க மட்டும் சுமார் 75,000 வண்டிகளைச் சரி பண்ணக் கூப்பிட்டாங்க. ஸ்பேனர் வேலை இல்லீங்க, சாஃப்ட்வேர் பிழை! அப்புறம் 2014 பிப்ரவரி. உலகம் முழுக்க 19 லட்சம் பிரியஸ். இந்தத் தடவை டிரான்சிஸ்டர் சூடாகிக் கெட்டுப் போகலாம், அரிதா ஓடிட்டிருக்கறப்பவே மொத்த அமைப்பும் நின்னுடலாம்னு சொன்னாங்க. மருந்து? மறுபடி சாஃப்ட்வேர், டிரான்சிஸ்டருக்குச் சூட்டைக் குறைக்கற மாதிரி.

அதோட முடியல. 2018 அக்டோபர்ல 24 லட்சம் வண்டிகளை மறுபடி கூப்பிட்டாங்க. ஏதாவது கோளாறு வந்தா வண்டி குறைஞ்ச சக்தியில ஊர்ந்து ஓரம் போய்ச் சேரணும், அதுக்குத்தான் 'ஃபெயில்-சேஃப்'னு ஒரு ஏற்பாடு. அந்த ஏற்பாடே சில சமயம் வேலை செய்யாம வண்டி நின்னுடுதாம். முன்னாடி போட்ட திருத்தத்துல இந்த நிலைமையை எதிர்பார்க்கலைன்னு கம்பெனியே ஒத்துக்கிட்டுது. பேட்ச் மேல பேட்ச் போட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ் பண்ணவங்களுக்கு இந்த வலி புரியும். என்ன ஒண்ணு, நம்ம பக்கம் சர்வர் படுத்தா பேஜ் வராது, அவ்ளோதான். கொண்டை ஊசி வளைவுல பாட்டி பின்சீட்ல இருக்கறப்போ படுத்தா?

வண்டி தன்னைக் காப்பாத்திக்கறது தப்பில்லைங்க. வெந்த இன்வெர்ட்டரை ஓட விட்டா பெரிய செலவு. ஆனா எங்க நிக்கணும்ங்கறதை ஓட்டுறவன் கையில ரெண்டு நிமிஷமாவது விடணும். சமவெளியில நாலுவழிச் சாலையை மனசுல வச்சு எழுதின கோடு மலைப்பாதையில ஓடக் கூடாது. என்னோட கட்சி அவ்ளோதான்.

நிற்க. முக்கால் மணி நேரம் கழிச்சு, எதுவுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பிடுச்சு! மேல ஏற மாமாவுக்குத் தைரியம் இல்லை, திருப்பிட்டார். இறங்கறப்போ ஆக்சிலரேட்டர்ல காலே இல்லை, இஞ்சின் திடீர்னு கத்த ஆரம்பிச்சுது. பாட்டி முருகா முருகான்னு கண்ணை மூடிட்டாங்க. அது மட்டும் கோளாறு இல்லை. இறக்கத்துல பிரேக் பிடிக்கற சக்தி பேட்டரிக்குப் போகும், பேட்டரி நிறைஞ்சதும் வைக்க இடம் இல்லாம இஞ்சினைச் சும்மா சுத்தவிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும். பெட்ரோல் செலவே கிடையாது. நான் விளக்கினேன், பாட்டி கண்ணைத் திறக்கல.

ஊர்ல எங்க மெக்கானிக் பாய் முப்பது வருஷ சர்வீஸ். ரேடியேட்டரைத் தொட்டார், தண்ணி சரியா இருக்கு. அடுத்து ஃபேன் பெல்ட்டைத் தேடினார்.

"இன்னா தம்பி, பெல்ட்டே காணோம்?"

"இல்லீங்க பாய், எல்லாம் கரண்டுதான்."

ஆரஞ்சு கலர் ஒயரைக் காட்டி அதைத் தொடாதீங்கன்னு சொன்னேன். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு எட்டி நின்னே பார்த்தார். அப்படிப் பார்த்தவர்தான் ஓரத்துல இருந்த அந்தச் சின்ன டப்பாவைக் காட்டினார். அளவு குறைவு, உள்சுவர்ல வெள்ளையா படிஞ்சிருந்துது. ஒரு சொட்டை விரல்ல தேய்ச்சுப் பார்த்துட்டு, "இது கூலன்ட் இல்ல தம்பி, நம்ம ஊர் போர் தண்ணி"ன்னாரு.

முன்னாடி வச்சிருந்தவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். டப்பா குறையறதைப் பார்த்து யாரோ நல்ல மனசோட ஊத்தி வச்சிருக்காங்க. எங்க தண்ணியைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தோல் அழுகாம இருக்கப் போடுற உப்புலேர்ந்து டேனரிக் கழிவு வரைக்கும் பல வருஷமா பாலாத்துப் படுகையில இறங்கினது. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்குல உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புலயே 35,000 ஹெக்டேர் நிலம் பாழான கணக்கு வருது. மனுஷன் குடிக்க யோசிக்கற தண்ணியை, விரல் மொத்தக் குழாய்ல ஓடுற பம்ப்புக்குக் கொடுத்தா அது என்னா பண்ணும்?

சர்வீஸ் சென்டர்ல கம்ப்யூட்டரைச் சொருகினாங்க. பி0ஏ93. இன்வெர்ட்டர் கூலிங் சரியில்லைன்னு அர்த்தம். உடனே இன்வெர்ட்டரையே மாத்தணும்னு ஒரு கொட்டேஷன். மாமா முகத்துல ஈயாடல. அந்தப் பணத்துக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம். பாய் சொன்னதை மாமா விடல. "மொதல்ல பம்ப்பை மாத்துங்க, குழாயைக் கழுவி சரியான கூலன்ட் போடுங்க, அப்புறம் பேசிக்கலாம்"னு உட்கார்ந்துட்டார். அரை நாள் வாக்குவாதம். பம்ப் மாத்தினாங்க. அடைப்பு அங்கதான். அடுத்த வாரமே அதே மலை, அதே வெயில், ஏசியோட ஏறி வி.கோட்டாவுல டீ குடிச்சுட்டு எனக்கு போன் பண்ணார். இன்னைக்கு வரைக்கும் அந்த விளக்கு எரியல.

பாய் இப்போ ஒரு ஸ்கேனர் வாங்கிட்டார். நம்பர் வந்தா வாட்ஸப்ல போட்டோ அனுப்பி "இது இன்னா தம்பி?"ன்னு கேக்கறார். நானும் ஆணிக்கு நடுவுல தேடிச் சொல்றேன்.

இன்னொரு பிரச்சினை மட்டும் தீரல. மாமா வண்டியில பேட்டரிக்குக் காத்து பின்சீட் ஓரத்துல இருக்கற ஜன்னல் வழியா போகுது, காருக்குள்ள இருக்கற ஏசி காத்துதான் அதைக் குளிர வைக்கும். பாட்டி சரியா அது மேலதான் ஊறுகாய் ஜாடி மூட்டையை வைப்பாங்க. அங்க வைக்காதீங்க, பேட்டரிக்கு மூச்சு முட்டும்னு மாமா சொல்லிப் பார்த்தார்.

"காருக்கு ஏசி, எனக்கு மடியில மூட்டையா?"