விலாசம்: ஆர்.எஸ்.புரம்

‘கோயமுத்தூர்ல எங்க குடியிருக்கீங்க?’ என்று யாராவது கேட்டால் கொஞ்சம் உஷாராகிவிடுங்கள் சார். சம்பளத்தை நேரடியாகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்கிற கேள்வி அது. ‘ரேஸ்கோர்ஸ்’ என்றால் எழுந்து நாற்காலி போடுவார்கள். ‘ஆர்.எஸ்.புரம்’ என்றால் காபி வரும். ‘உக்கடம் தாண்டி... பொள்ளாச்சி ரோட்டுல...’ என்று இழுத்தால், ‘அப்படீங்களா, பஸ் வசதியெல்லாம் இருக்குதுங்களா?’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

எனக்கு அந்தக் காபி வேண்டியிருந்தது.

சொந்த ஊர் ஆனைமலை. பி.காம். முடித்துவிட்டு 2014-ல் கோவையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தேன். சம்பளம் 14,000. காந்திபுரத்தில் மேன்ஷன் வாசம். நாலு பேர் ரூமில் அஞ்சாவது ஆள். அந்தச் சமயம் பார்த்து ஊரில் எனக்குப் பெண் தேட ஆரம்பித்தார்கள். தரகர் ஜாதகத்தைப் பிரிக்கும் முன்பே, ‘தம்பி கோயமுத்தூர்ல எங்க இருக்காப்ல?’ என்று கேட்டார். ‘மேன்ஷன்’ என்றதும், ஏழாமிடத்தில் சனியைப் பார்த்துவிட்ட மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜாதகத்தை மடித்து வைத்தார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இருந்தால் ஆர்.எஸ்.புரம்!

என் சம்பளத்துக்கு அங்கே வீடு கிடைக்காது. வீட்டுக்குப் பின்னால் கிடைக்கும். டி.பி. ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு குறுக்குத் தெருவில், பழைய பங்களாவின் பின்புறம், ஒரு காலத்தில் கார் ஷெட்டாக இருந்த அறை. ஒரு ஜன்னலைப் பொருத்தி, பக்கத்தில் பாத்ரூம் கட்டியதும் ஷெட்டுக்கு ‘அவுட்ஹவுஸ்’ என்று பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள்.

இன்டர்வியூ நடந்தது. ஆடிட்டர்கூட என்னை அத்தனை கேள்வி கேட்கவில்லை. சிகரெட் உண்டா, கறி சமைப்பீங்களா, சிநேகிதர்கள் வருவாங்களா, ராத்திரி பத்துக்குள்ள வந்துடுவீங்களா... கடைசியாக, ‘ஆனைமலைல நீங்க எந்தப் பக்கம் தம்பி?’ என்றார் ஓனர். கோயில் பக்கமா, ஆத்துப் பக்கமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டது என்ன என்பது நம்ம பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். என் பதில் அவருக்குத் திருப்தியாக இருந்தது. அப்படித் திருப்திப்படுத்தியதற்கு அன்றைக்கு எனக்கு வெட்கம்கூட வரவில்லை. வீடு கிடைத்த சந்தோஷம்!

வாடகை 6,500. அட்வான்ஸ் பத்து மாசம், 65,000. என்னிடம் இருந்தது 25,000. மீதி 40,000-க்கு அம்மா வீட்டிலிருந்த ஒரே கறவை மாட்டை விற்றாள். ‘பெரிய எடத்துல இருக்கறதுன்னா சும்மாவா கண்ணு’ என்றாள் போனில்.

சாவி கொடுக்கிற அன்று ஓனர் பங்களாவின் முன்கதவைப் பெருமையாகத் தட்டிக் காட்டினார். ‘ஆனைமலைத் தேக்கு தம்பி, உங்க ஊரு மரம்! எங்கப்பா காலத்துல போட்டது. இன்னிக்கு வரைக்கும் ஒரு செல்லு அரிக்கலை!’

எங்கள் ஊர் மரத்தின் பெருமை எனக்குத் தெரியாதா? டாப்ஸ்லிப் என்று எல்லோரும் டூர் போகிறோமே, மலை மேலிருந்து தேக்குக் கட்டைகளைச் சரித்து விட்டதால்தான் அந்தப் பெயரே வந்தது. கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் என்று 19-ம் நூற்றாண்டில் காட்டையே மொட்டையடித்துவிட்டார்கள். பிறகு ஹியூகோ வுட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி மறுபடியும் தேக்கு நட்டு வளர்த்தார். அவருடைய சமாதியும் அங்கேயே அந்த மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. பிழைக்க வந்த ஊரில் அட்வான்ஸ் இல்லாமல் நிரந்தர இடம் பிடித்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து அவர்தான்.

அந்தக் காட்டு மரத்துக்கு பங்களாவின் முன்வாசலில் நிரந்தர உத்தியோகம். அதே ஊர்க்காரனான எனக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் இரும்புக் கேட். ‘முன்கேட்டு வேண்டாம் தம்பி, நாய் குலைக்கும்’ என்றார்கள். அந்த வீட்டில் நாயே கிடையாது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். விசிட்டிங் கார்டு அடித்தேன். என் பேரைவிட ‘ஆர்.எஸ்.புரம்’ ரெண்டு சைஸ் பெரிசு. ஞாயிற்றுக்கிழமை அன்னபூர்ணாவில் ஒரு இட்லிக்கு மூணு முறை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு தெருத் தெருவாக நடப்பேன். அங்கே கிழக்கு சம்பந்தம் ரோடு, மேற்கு சம்பந்தம் ரோடு என்று இரண்டு உண்டு. எனக்குத்தான் எந்தத் திசையிலிருந்தும் சம்பந்தம் வரவில்லை.

நடக்கும்போது அந்த ஏரியாவின் கதையையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆர்.எஸ். என்றால் ரத்தினசபாபதி. கோவை நகரசபைத் தலைவராக இருந்த சி.எஸ். ரத்தினசபாபதி முதலியார். திவான் பகதூர் பட்டம் வாங்கியவர். டி.பி. ரோடு என்பதும் திவான் பகதூர் ரோடுதான். சிறுவாணித் தண்ணீர் கோவைக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைக்குப் பிளேக் திரும்பத் திரும்ப வந்தது. ஜனங்கள் பேட்டைகளில் நெருக்கியடித்துக் கிடந்த காலம். மேற்கே காலியாகக் கிடந்த நிலத்தில் அகலத் தெரு, காற்றோட்டம் என்று புதுக் குடியிருப்பு வளர்ந்தது அதற்கப்புறம்தான்.

ஆக, மனுஷனுக்கு இடமும் தண்ணியும் வேணும் என்று நினைத்த ஒருவரின் பெயரைத் தாங்கிய பேட்டை. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ரெண்டுதான் இல்லை. காலை ஆறு மணிக்கு இருபது நிமிஷம் மோட்டார் ஓடும். அதற்குள் பிடித்தால்தான் உண்டு.

ஆறாவது மாசம் அம்மாவுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். கோவையில்தான் செய்ய வேண்டும். பத்து நாள் என்னோடு இருக்கட்டும் என்று அழைத்து வந்தேன். ஓனரிடம் சொன்னதும் சிரித்துக்கொண்டே, ‘பத்து நாளுங்களா? மோட்டார் கணக்கு ஒண்ணு இருக்குதுங்களே தம்பி’ என்றார். 500 ரூபாய் கொடுத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் விடியக்காலை விழித்துப் பார்த்தால் அம்மாவைக் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தேன். முன்கேட்டைத் திறந்து வைத்து, வாசலைக் கூட்டி, தண்ணி தெளித்து, பெரிய புள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அரைக் கண் பார்வையில் ஒரு புள்ளி தப்பவில்லை. அம்மாவுக்கு வாசல் என்றால் அதுதான் வாசல். மகன் பெரிய வீட்டில் இருக்கிறான், வாசல் வெறிச்சென்று கிடக்கலாமா?

ஓனர் வீட்டம்மா வெளியே வந்தார். கோபமாகப் பேசவில்லை, அந்த வீட்டில் யாரும் கோபமாகப் பேசியதே இல்லை. என்னைக் கூப்பிட்டு, ‘முன்வாசலுக்குப் போடறதுக்கு நாங்க ஆள் வெச்சிருக்கோம் தம்பி. அம்மாகிட்டப் பதமாச் சொல்லிடுங்க’ என்றார்.

நான் சொல்லவில்லை. ‘அவங்களுக்குக் கோலம் ரொம்பப் பிடிச்சுதாம்மா’ என்று ஒரு பொய்யை அடித்தேன். அம்மா கோலப்பொடி டப்பாவை மூடினாள். கண்ணில்தான் புரை, காதில் இல்லையே!

‘ஏங்கண்ணு, அப்ப உன்ற வாசல் எதுடா?’

நான் சந்துப் பக்கம் கையைக் காட்டினேன். இரும்புக் கேட், அதை ஒட்டிச் சாக்கடை, எதிரே குப்பைத் தொட்டி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேஷன் அன்று காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன், அந்தச் சந்தில் ஒரு சாண் இடத்தைக் கூட்டி, அஞ்சு புள்ளியில் ஒரு கோலம் போட்டாள். அவ்வளவுதான் இடம் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த நாள் கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். அறைக்கு வந்ததும் அம்மா பையைக் கட்டினாள்.

‘நான் ஊருக்குப் போறேன் சாமி. சொட்டு மருந்து பக்கத்து வூட்டுப் புள்ள போட்டு விடும். மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்ல, கத்திக்கிட்டுக் கெடக்கும்.’

எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏற்றி, ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார வைத்தேன். பஸ் திரும்பி மறைந்த பிறகு டீக்கடையில் நின்று ஒரு வாய் டீ குடித்தேன். அப்போதுதான் உறைத்தது. எந்த மாடு? மாட்டைத்தான் ஆறு மாசத்துக்கு முன்பே விற்றாகிவிட்டதே! அதை விற்ற காசுதானே அந்த ஷெட்டுக்கு அட்வான்ஸ்!

அந்த டீயை என்னால் முழுசாகக் குடிக்க முடியவில்லை சார்.

ஒரு வாரம் கழித்து கண்ணைக் காட்ட வந்தவள், விடிகாலை பஸ்ஸில் வந்து சாயங்காலமே திரும்பிவிட்டாள். அறைக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பதினோரு மாச ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்தேன். பெயின்ட் அடிக்கணும் என்று ஒரு மாச வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் அட்வான்ஸ் திரும்பி வந்தது. எனக்கு ஆத்திரம். ‘மாசாணியம்மன் கோயில் நீதிக்கல்லுல மொளகா அரைச்சுப் பூசும்மா!’ என்றேன். எங்கள் ஊரில் ஏமாந்தவர்களுக்கு அதுதான் சுப்ரீம் கோர்ட். அம்மா சிரித்தாள். ‘ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு அம்மனைத் தொந்தரவு பண்றதா? மொளகா என்ன வெலை விக்குதுன்னு தெரியுமா உனக்கு?’

இப்போது சட்டமெல்லாம் மாறிவிட்டது. 1960-ம் வருஷத்து வாடகைச் சட்டம் போய், 2017-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூணு மாச வாடகையைத் தாண்டக் கூடாது. ஓனர் உள்ளே வர 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தண்ணியை நிறுத்தக் கூடாது. காமர்ஸ் படித்தவன் என்பதால் வரி விடாமல் படித்தேன். நல்ல சட்டம். ஆனால் ‘வேறு மாதிரி’ எழுதிக்கொண்டு வருவது எந்தத் தரப்பு என்பது வீடு தேடி அலைந்தவனுக்குத்தான் தெரியும். எந்த வாசலில் யார் கோலம் போடலாம் என்பதற்கும் அதில் பிரிவு கிடையாது.

அடுத்து நான் போனது சுந்தராபுரம். பொள்ளாச்சி ரோடுதான். ‘பஸ் வசதி இருக்குதுங்களா?’ பேட்டைதான். ரெண்டு ரூம், 5,500 வாடகை, தெருவைப் பார்த்த வாசல். பால் காய்ச்சின அன்று அம்மா தெருவில் பாதியை அடைத்துக் கோலம் போட்டாள். எதிர்வீட்டுக்காரர் பைக்கை அதன் மேல் ஏற்றாமல் தள்ளிக்கொண்டு போனார். கல்யாணமும் அந்த விலாசத்தில்தான் அமைந்தது. ‘பஸ் இருக்குதுங்களா?’ என்று கேட்டவரே இப்போது என் மாமனார்.

போன மாசம் ஒரு வேலையாக ஆர்.எஸ்.புரம் போனேன். டி.பி. ரோட்டில் கார் நிறுத்த மாநகராட்சி அடுக்குமாடியே கட்டியிருக்கிறது. எந்தக் காரையும் ‘நீங்க எந்தப் பக்கம்?’ என்று கேட்பதில்லை! பழைய குறுக்குத் தெருவுக்குள் எட்டிப் பார்த்தேன். பங்களா இல்லை. ஓனர் காலமாகிவிட்டாராம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விற்றுவிட்டார்களாம். தரைமட்டமாக்கி அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி போனில் அம்மாவிடம் சொன்னேன்.

‘அந்தக் கதவு என்னாச்சு கண்ணு?’

‘பழைய மரக்கடைக்குப் போயிருக்கும்மா.’

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னாள்:

‘பாவம், அதுவும் குடக்கூலிக்குத்தான் இருந்திருக்குது.’