சித்தப்பா வேனும் ஒரு செப்புக் கம்பியும்

பொங்கலுக்கு மொரப்பூர் போயிருந்தேன். பொட்டி தட்டுற பொழப்புல ஸ்க்ரூ டிரைவர் புடிச்சு எத்தனை வருஷமாச்சு!

சித்தப்பாகிட்ட பழைய வேன் ஒண்ணு இருக்கு. பின் சீட்டை மடக்கினா படுக்கை. டிவி, பேன், இன்வெர்ட்டர் எல்லாம் உண்டு. 2021ல கேரளா அரசு கேரவன் சுற்றுலான்னு ஆரம்பிச்சதுக்கு முன்னாடியே எங்க குடும்பம் அதுல ஒகேனக்கல், தீர்த்தமலைன்னு சுத்தியாச்சு :-)

பிரச்னை என்னன்னா, ரெண்டு நாள் நிறுத்தி வெச்சா வண்டி ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி மாத்தியாச்சு. சரியாகலை. அடுத்து டைனமோ மாத்தணும்னு சொல்லிட்டாங்களாம்.

"டேய் இஞ்சினியரு, நீ ட்ரிபிள்-ஈ தானே படிச்ச? பாரேன்."

மானப் பிரச்னை ஆயிடுச்சு. மல்டிமீட்டரைத் தேடி எடுத்தேன். இஞ்சின் ஓடும்போது 14.1 வோல்ட். அப்போ டைனமோ நல்லாத்தான் இருக்கு. நிறுத்தின வண்டியில யாரோ கரண்டைத் திருடுறாங்க!

இஞ்சினை ஆஃப் பண்ணி, நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி, நடுவுல மீட்டரை 10 ஆம்பியர்ல வெச்சேன். (இப்படி வெச்சிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, மீட்டர் ஃப்யூஸ் போயிடும்.) 0.05க்குள்ள இருக்கணும். காட்டினது 0.8! ஒரு நாளைக்கு 19 ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ரெண்டு நாள் எப்படித் தாங்கும்?

ஒவ்வொரு ஃப்யூஸா புடுங்கிப் பார்த்தேன். பின் பக்க லைன்ல கை வெச்சேன். அங்க ஃப்யூஸே இல்லை. முறுக்கின செப்புக் கம்பி. அதைக் கழட்டினதும் மீட்டர் 0.03க்கு இறங்கிடுச்சு. சீட்டுக்கு அடியில இன்வெர்ட்டர் ராப்பகலா சும்மாவே ஓடிட்டு இருந்திருக்கு.

அந்த முறுக்கைப் பார்த்ததும் எனக்குப் பக்குன்னுச்சு. காலேஜ் ரெண்டாவது வருஷம், தீர்த்தமலை ட்ரிப். டிவியும் பேனும் சேர்த்துப் போட்டதுல 10 ஆம்பியர் ஃப்யூஸ் போயிடுச்சு. குட்டிப் பசங்க ஒரே அழுகை. "இப்போதைக்கு" நான் போட்ட கம்பி அது. அன்னிக்கு எல்லாரும் கை தட்டினாங்க.

சீட்டைத் தூக்கினேன். வயர் மேல் தோல் பழுப்பாகி, தொட்டா உதிருது. அதுக்கு மேலதான் எட்டு வருஷமா பசங்க தூங்கியிருக்காங்க. எங்கயாவது உரசி ஷார்ட் ஆகியிருந்தா எரியறதுக்கு ஃப்யூஸ் இல்லை. வயர்தான் எரிஞ்சிருக்கும்.

கடைக்குப் போய் தடிமனான வயர், 20 ஆம்பியர் ஃப்யூஸ், ஸ்விட்ச் வாங்கினேன். ஃப்யூஸை பேட்டரி பக்கத்துலயே வெச்சேன். அப்பதான் முழு வயருக்கும் காவல்.

சித்தப்பாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். திட்டுவார்னு நினைச்சேன்.

"தெரியும்டா. நான்தானே டார்ச் அடிச்சேன். படிக்கிற புள்ள போட்டது, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

திட்டியிருக்கலாம்.

டிஸ்கி: ஆபீஸ்ல "டெம்பரரி ஃபிக்ஸ்"னு கமெண்ட் எழுதி வெச்சிருந்த கோடை எல்லாம் திங்கட்கிழமை தேடிப் பார்த்தேன். பதினேழு. அவ்வ்வ்வ்...