தேரிக்காட்டு உலா

உலகினைக் கண்டு மகிழ்தற்கு ஊர்திகள் பல உண்டு. தொடர்வண்டியில் விரைந்து செல்வோர் ஊர்களின் பெயர்ப்பலகைகளைக் காண்பர், ஊர்களைக் காணார். கால்நடையாகச் செல்வோர் யாவற்றையும் காண்பர். ஆயினும் அவர்க்குப் பொழுது போதாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது மிதிவண்டி. அது நம் கால்வலிமையால் இயங்குவது. மனம் விரும்பும் இடத்தில் நிற்பது. நண்பரோடு கூடிச் செல்லின் அதனால் விளையும் இன்பம் பன்மடங்காகும்.

பொருநையாற்றின் வடகரையில் அமைந்தது ஏரல். 1986ஆம் ஆண்டுவரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர், இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1979ஆம் ஆண்டு பங்குனித் திங்களில், புலவர் தேர்வுக்குப் பயின்றுகொண்டிருந்த நாங்கள் நால்வரும் வாடகை மிதிவண்டிகளில் வைகறைப் பொழுதில் இவ்வூரிலிருந்து புறப்பட்டோம். ஒரு வண்டியின் இருக்கை மிக உயரமானது. அஃது எங்களுள் குட்டையானவனுக்கே வாய்த்தது. அவன் வழி முழுதும் வண்டியை மிதித்தான் என்பதினும், அதன்மேல் கூத்தாடினான் என்பதே பொருந்தும்.

ஆற்றைக் கடந்து தென்கரை அடைந்ததும் வாழைத் தோட்டங்கள் எங்களை வரவேற்றன. திருவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் தென்காலும், குரும்பூர்ப் பக்கத்துக் கடம்பாகுளமும் வளம் செய்யும் மருத நிலம் அது. பிசான அறுவடை நடந்துகொண்டிருந்தது. வைக்கோலின் மணம் காற்றில் கலந்து வந்தது. "நூலிற் கற்ற மருதம் இதுவே" என்று கூவியவாறு நாங்கள் வண்டிகளைச் செலுத்தினோம்.

குரும்பூரையும் நாலுமாவடியையும் கடந்தபின் நிலத்தின் நிறம் மாறியது. கண்ணுக்கு எட்டிய தொலைவும் செம்மணல் மேடுகள்! இதுவே குதிரைமொழித் தேரி. மணலிலே படிந்த இரும்புத் துருவே இச்செம்மைக்குக் காரணம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி ஆடித் திங்களில் வீசும் பெருங்காற்று இம்மணலை அள்ளிக் குவிக்கும். குவித்ததைக் கலைத்து வேறோரிடத்தில் மீண்டும் குவிக்கும். பனையும், குடைபோல் கவிந்த உடைமரமும், கொல்லாமரமும் வேரூன்றி நின்று அம்மணலை நடக்கவிடாமல் தடுக்கின்றன.

மணலில் வண்டிச் சக்கரங்கள் புதைந்தன. அதுகாறும் எங்களைச் சுமந்து வந்த வண்டிகளை இனி நாங்கள் சுமக்க வேண்டியதாயிற்று. "செய்ந்நன்றி மறவாமை இதுதான்" என்று ஒருவன் தன் வண்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். மேட்டின் உச்சியை அடைந்ததும் குட்டை நண்பன் வீரத்தோடு வண்டியேறிக் கீழ்நோக்கி விட்டான். பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது, அவன் நிற்கவில்லை. செம்மணலில் உருண்டெழுந்த அவனைக் கண்டு, முதலில் நகைத்தவன் அவனே.

பின்னர், இந்நிலம் எத்திணையைச் சாரும் என்ற வாதம் எழுந்தது. "வறண்டு கிடப்பதால் பாலை" என்றான் ஒருவன். "கடற்கரை அண்மையில் இருப்பதால் நெய்தல்" என்றான் மற்றொருவன். "முல்லையும் குறிஞ்சியும் திரிந்ததே பாலை என்பது சிலப்பதிகாரம் காட்டும் நெறி; இங்கே குறிஞ்சி எங்கே?" என்று மூன்றாமவன் மறுத்தான். வாதத்தை நீர்வேட்கை முடித்துவைத்தது. கொண்டுவந்த நீர் தீர்ந்துபோயிருந்தது.

அப்பொழுது பனையிலிருந்து இறங்கிய முதியவர் ஒருவர் எங்களை நோக்கி, "தம்பிமாரே, ஏன் வாடி நிற்கிறீர்கள்?" என்று வினவினார். "அண்ணாச்சி, குடிக்கத் தண்ணீர் இல்லை" என்றோம். அவர் நகைத்து, "நீங்கள் நிற்பதே தண்ணீரின்மேல்தானே!" என்றார். சுண்ணாம்பு தடவிய கலயத்திலிருந்து பனையோலைப் பட்டையில் பதநீர் வார்த்துத் தந்தார். காசு கொடுத்தபோது வாங்க மறுத்தார். அருஞ்சுனை காத்த ஐயனார் கோயிலுக்குச் செல்லும் வழியையும் காட்டினார்.

அங்குச் சென்றபின்னரே அவர் சொல்லின் பொருள் விளங்கியது. செம்மணலின் நடுவே மரங்கள் அடர்ந்த சோலை. சோலையின் இடையே தெளிந்த சுனை! தேரி, தன்மேல் விழும் மழையை ஓடவிடாமல் உறிஞ்சி உள்ளே தேக்கிக்கொள்கிறது. அந்நீரே தாழ்ந்த இடத்தில் சுனையாக ஊறுகிறது. பனையின் வேர் வழியே ஏறிப் பதநீராகவும் இனிக்கிறது. மாலையில் திருச்செந்தூர் சென்றோம். உவர்க்கடலின் அருகிலேயே நாழிக்கிணற்றில் நன்னீர் ஊறுவதைக் கண்டபொழுது, மணலின் ஈகையை மீண்டும் எண்ணி வியந்தோம்.

மாணவர்களே, வறண்டது என்று நாம் இகழும் நிலம், உண்மையில் ஊர்களுக்கு நீர் காக்கும் கருவூலம். இன்று பனையேறுவோர் அருகி வருகின்றனர். செம்மணலை அள்ளிச் செல்வோரும் உளர். மணலை அள்ளுவோர் மணலை மட்டும் அள்ளுவதில்லை. வருங்கால மக்கள் பருகவேண்டிய நீரையும் சேர்த்தே அள்ளுகின்றனர். ஆதலின், விடுமுறை நாளில் நண்பரோடு மிதிவண்டியேறி நும் ஊர்ப்புறத்தைக் காணச் செல்லுங்கள். கண்டறிந்த நிலத்தின்மேல் அன்பு பிறக்கும்; அன்பு பிறந்த நிலத்தை அழியவிட எவர்க்கும் மனம் வாராது.