லூசிண்டாவின் இடக்கை

நமது வலக்கை பேனாவைப் பிடிக்க மறுத்து மூன்றாண்டுகள் நிறையப் போகின்றன. பக்கவாதம் என்றார்கள். நடை திரும்பியது, நாக்கும் திரும்பியது, எழுதும் விரல்கள் மட்டும் திரும்பவில்லை. ஆகவே நேயர்கள் இப்போது வாசிக்கும் இவ்வரிகளை நாம் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். நாற்பது ஆண்டுகள் தனித்திருந்து எழுதிப் பழகிய நமக்கு, மற்றொருவர் முன்னிலையில் வாய்விட்டு வாக்கியம் அமைப்பது கடைத்தெருவில் நின்று உடை மாற்றுவது போன்ற கூச்சத்தை அளித்தது. அதனால் பல மாதங்கள் ஒரு வரியும் எழுதாமல் இருந்தோம்.

அந்நாட்களில்தான் பேத்தி ஒரு பாடகியின் குரலை நமக்கு அறிமுகப்படுத்தினாள். "நன்னா, இந்த அம்மாவுக்கும் உங்களைப் போலத்தான். இவருக்கு இடக்கை. கித்தார் வாசிக்க முடியாது. ஆனாலும் பாடுகிறார்" என்றாள். அயல்நாட்டுப் பாட்டில் அதுவரை நமக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் ஓரளவு அறிவோம்; எனினும் அமெரிக்கத் தென்மாநிலங்களின் இழுவைப் பேச்சு நம் செவிக்குள் எளிதில் புகவில்லை. அவள் பாட்டின் சொற்களைப் படித்துக் காட்டிய பின்னரே குரலைச் செவிமடுத்தோம். கரகரத்த குரல், அழகான குரல் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பொய் சொல்லத் தெரியாத குரல்.

லூசிண்டா வில்லியம்ஸ் 1953 ஜனவரி 26 அன்று லூசியானா மாநிலத்தின் லேக் சார்ல்ஸ் நகரில் பிறந்தார். தந்தை மில்லர் வில்லியம்ஸ் ஒரு கவிஞர். அவர் தொடக்கத்தில் கற்பித்தது இலக்கியம் அன்று, உயிரியல் என்பது நமக்கு வியப்பாக இருந்தது. ஜார்ஜியாவில் ஆசிரியப் பணி செய்த காலத்தில் சிறுகதை எழுத்தாளர் ஃபிளானரி ஓகானரின் நட்பு அவருக்கு வாய்த்தது. தந்தை அந்த எழுத்தாளரைக் காணச் சென்றபோதெல்லாம், சிறுமி லூசிண்டா அங்கே வளர்ந்த மயில்களைத் துரத்தி விளையாடினாராம். தாயார் பியானோ கற்றவர். மனநோயால் வாழ்நாள் முழுவதும் துன்புற்றவர். பெற்றோர் பிரிந்தனர்; பிள்ளைகள் தந்தையிடம் வளர்ந்தனர். வேலையின் பொருட்டு அவர் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தார். தென்மாநில நகரங்கள் பலவற்றோடு சிலி நாட்டின் சாந்தியாகோவும் மெக்சிகோ நகரமும் அந்தப் பட்டியலில் உண்டு. 1965-ல் தந்தையின் மாணவர் ஒருவர் கொண்டுவந்த பாப் டிலனின் இசைத்தட்டைக் கேட்டபோது லூசிண்டாவுக்கு வயது பன்னிரண்டு. கவிதையும் பாட்டும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்பதை அன்றே அவர் கண்டுகொண்டார்.

ஆனால் அந்த வீட்டுக்கு வாடகை கொடுக்க ஆள் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1979-ல் வந்த முதல் இசைத்தட்டில் இருந்தவை எல்லாம் பிறருடைய பழம்பாட்டுகள். அடுத்த ஆண்டு சொந்தப் பாடல்களோடு ஒரு தட்டு வந்தது, கேட்பாரில்லை. பின்னர் எட்டு ஆண்டுகள் மௌனம். லாஸ் ஏஞ்சல்ஸ் நிறுவனத்தார் கேட்டுவிட்டு, 'இது ராக் அன்று, கண்ட்ரி. நாஷ்வில்லுக்குப் போங்கள்' என்ற பொருள்பட விடை தந்தார்கள். நாஷ்வில்லிலோ, 'இது கண்ட்ரி அன்று, ராக்' என்றார்கள். கடைசியில் அவரை ஏற்றுக்கொண்டது பங்க் இசைக்குப் பேர்போன ரஃப் டிரேட் என்னும் ஆங்கிலேய நிறுவனம். 1988-ல் அவருடைய பெயரையே தாங்கி வந்த அத்தட்டில் 'பேஷனேட் கிஸ்ஸஸ்' என்னும் பாடல் இருந்தது. மேரி சாபின் கார்ப்பென்டர் அதைப் பாடிப் புகழ்பெறச் செய்ய, எழுதியவருக்கு 1994-ல் கண்ட்ரிப் பாடலுக்கான கிராமி விருது கிடைத்தது. 1999-ல் ஃபோக் பிரிவிலும் 2002-ல் ராக் பிரிவிலும் அதே விருது வந்தது. எங்கள் வாசலுக்கு உரியவரல்லர் என்று இரு தரப்பாரும் திருப்பியனுப்பிய ஒருவரை மூன்று வாசல்களும் பின்னாளில் மாலையோடு அழைத்தன! இத்தகையோரின் இசைக்கு 'மாற்றுக் கண்ட்ரி' என்று பெயர் சூட்டியதெல்லாம் பிற்பாடு நடந்தது. பெட்டியைச் செய்துவிட்டுப் பொருளைத் தேடுவது உலக வழக்கு. இங்கே பொருள் முந்திக்கொண்டது.

நிற்க. நம்மை ஆட்கொண்டது 1998-ல் வெளிவந்த 'கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு'. முந்திய தட்டுக்கும் இதற்கும் ஆறு ஆண்டு இடைவெளி. 1995-ல் ஆஸ்டினில் பாடிப் பதிந்தார், நிறைவில்லை. நாஷ்வில்லில் ஸ்டீவ் எர்ல், ரே கென்னடி ஆகியோருடன் மீண்டும் பதிந்தார், அப்போதும் அமைதியில்லை. லாஸ் ஏஞ்சல்சில் ராய் பிட்டன் துணையோடு வேலை முடிந்தது. நெடுங்காலம் உடன் கித்தார் வாசித்த கர்ஃப் மார்லிக்ஸ் இந்த இழுபறியில் பிரிந்து போனார். பத்திரிகைகள் அவரைப் பிடிவாதக்காரி என்றன. ஓர் ஆடவன் ஆறு ஆண்டு எடுத்துக்கொண்டால் அதனைத் தவம் என்பார்கள். பெண் எடுத்துக்கொண்டால் பிடிவாதம்! எனினும் ஒரு நண்பரை இழந்து பெறும் செம்மை தேவைதானா என்னும் கேள்வி நமக்கு இன்றுவரை உண்டு. தட்டைக் கேட்கும்போது தேவை என்று தோன்றுகிறது; கேட்டு முடித்த பின் தோன்றுவதில்லை.

அத்தட்டின் தலைப்புப் பாடல் ஒரு குழந்தையின் கண்ணால் பார்த்த காட்சி. சமையலறையின் மணம், வானொலியின் ஒலி, பெரியவர்களின் தாழ்ந்த பேச்சு, மீண்டும் ஒரு புறப்பாடு, சரளைக் கற்களில் நெரியும் சக்கரங்கள். யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. கண்டது மட்டுமே இருக்கிறது. நாஷ்வில்லின் புளூபேர்ட் கஃபேயில் அவர் இதைப் பாடியபோது தந்தையும் அவையில் இருந்தார். பாடி முடித்ததும் அருகில் வந்து, மகளிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று மகளுக்கு விளங்கவில்லை. காரின் பின்னிருக்கையில் இருந்த அந்தக் குழந்தை நீதானே என்று தந்தை சொன்ன பிறகே, தாம் யாரைப் பற்றி எழுதினோம் என்பது அவருக்குப் புலப்பட்டது. பேத்தி இதைச் சொன்ன இரவு நாம் உறங்கவில்லை. பிழைப்புக்காக ஊர் மாற்றி ஊர் பிள்ளைகளை இழுத்துச் சென்ற தகப்பன்மாருள் நாமும் ஒருவர். நம் மக்கள் எவரும் பாட்டு எழுதவில்லை. அதனால் நாம் தப்பித்தோம்.

இத்தனைக்கும் மில்லர் வில்லியம்ஸ் சிறிய மனிதர் அல்லர். 1997-ல் கிளின்டன் இரண்டாம் முறை குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற விழாவில் கவிதை வாசித்தவர் அவரே. மகள் தம் பாடல்களை அவரிடம் காட்டித் திருத்தம் கேட்பது நெடுநாள் வழக்கம். முதுமையில் அவரை அல்சைமர் நோய் பற்றியது. இனித் தம்மால் கவிதை எழுத இயலாது என்று ஒருநாள் அவரே மகளிடம் சொல்ல, மகள் அழுதார். அவருடைய 'கம்பேஷன்' என்னும் சிறு கவிதைக்கு மகள் இசையமைத்துப் பாடி, அதிலிருந்து பெயரெடுத்துச் சூட்டிய இரட்டைத் தட்டு 2014 செப்டம்பரில் வந்தது. 2015 ஜனவரி முதல் நாள் தந்தை மறைந்தார். அவர் இளமையில் சந்தித்து அளவளாவிய பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் மறைந்ததும் 1953-ல் அதே ஜனவரி முதல் நாளில்தான். பெயர் ஒற்றுமையன்றி உறவு ஏதுமில்லை. அந்த நோயின் மீதே சினங்கொண்டு மகள் எழுதிய பாட்டொன்று 2016-ல் வந்த தட்டில் உள்ளது. இரங்கற்பா எழுதும் நம் புலவர்கள் விதியைப் பழிப்பார்கள்; இவர் நோயைக் கூண்டிலேற்றுகிறார்.

2020-ஆம் ஆண்டு அவருக்குக் கொடியதாக வாய்த்தது. மார்ச் மாதம் நாஷ்வில்லைத் தாக்கிய சூறாவளியில் அவருடைய வீடு சேதமுற்றது. நவம்பரில் மூளையின் வலப்புறத்தில் இரத்தம் உறைந்து, உடலின் இடப்பக்கம் தளர்ந்தது. கித்தாரின் தந்திகளை அழுத்திச் சுரம் பிடிப்பது இடக்கையன்றோ! ஐம்பது ஆண்டுகளாகப் பாட்டுகள் பிறந்தது அந்த விரல்களின் வழியேதான். அடுத்த கோடையிலேயே மேடை ஏறிவிட்டார். பிறர் வாசிக்க, அவர் நின்று பாடினார். ஆனால் புதிய பாட்டு எப்படிப் பிறக்கும்? அதற்கு அவர் கண்ட வழி, அதுவரை பெரும்பாலும் தனித்தே செய்த வேலையைக் கூடிச் செய்வது. கணவர் டாம் ஓவர்பி, ஜெசி மாலின் முதலானோருடன் சேர்ந்து எழுதி, 2023-ல் ஒரு தட்டும், அதே ஆண்டில் தன் வரலாற்று நூல் ஒன்றும் வெளியிட்டார். அந்தத் தட்டு 1998-ன் உயரத்தை எட்டியதா என்றால், இல்லை என்றே சொல்வோம். சில வரிகளில் பலர் கைபட்ட தளர்ச்சி தெரிகிறது. பிறருடைய பாடல்களைப் பாடி அண்மைக் காலத்தில் அவர் வெளியிட்டவையும் நமக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆயினும் அந்த 2023-ஆம் ஆண்டுத் தட்டைத்தான் நாம் அதிகம் கேட்டோம்.

அதைக் கேட்ட ஒரு மாலையில்தான், "தாளை எடு" என்று பேத்தியிடம் சொன்னோம். முதல் நாள் மூன்று வரி தேறிற்று. அவற்றுள் ஒன்று அவள் திருத்தியது. நம்முடையதை விட அது நன்றாக இருந்ததில் நமக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது. இன்று இதுவரை சொல்லி வந்திருக்கிறோம். எழுதியதைத் தொடக்கத்திலிருந்து படித்துக் காட்டியவள், 'சரளை'க்கு எந்த 'ர' என்று கேட்கிறாள். இடையின 'ர'தான், அம்மா.