நீல எஞ்சின்

நீல நிறம் கேட்டவுடன் வந்துவிடாது. வெண்ணெயும் ஐசிங் சுகரும் சேர்த்து அடித்த கிரீமில் வெண்ணெயின் மஞ்சள் இருக்கும். அதில் நீலத்தை விட்டால் பச்சை தட்டும். ஊதா ஒரு பொட்டு சேர்த்தால்தான் அந்த மஞ்சள் அடங்கும். தண்ணீராக இருக்கும் கலர் கிரீமை நெகிழ்த்திவிடும், ஜெல் கலர்தான் சரி. அதையும் இளநீலத்தோடு நிறுத்தி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால், காலையில் தானே அடர்ந்திருக்கும். மே மாதத்து பேசின் பிரிட்ஜில் அந்தக் கிரீம் வெளியே கால் மணி நேரம் தாங்காது.

என் மகனுக்கு நாலாவது பிறந்தநாள். அவன் கேட்டது தாமஸ் கேக், கதையில் வரும் அந்த நீல எஞ்சின்.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் ரயில்தான். சென்ட்ரலுக்குப் போகிற வண்டிகள் இங்கே சிக்னலுக்கு நிற்பது ஊரறிந்த கதை. பெட்டி படுக்கையோடு வாசலில் வந்து நிற்கும் பயணிகளுக்குக் கையாட்டியே வளர்ந்தவள் நான். 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியதிலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான் வளர்ந்திருப்பார்கள். இத்தனை எஞ்சின் கண்ணெதிரே போக, இவன் ஏன் முகம் வைத்த எஞ்சினைக் கேட்டான்? போகிற எஞ்சின் ஒன்றுகூட அவனைத் திரும்பிப் பார்த்ததில்லையே, அதனால் இருக்கும்.

அப்பா ஸ்டீம் காலத்து ஃபயர்மேன். டியூட்டி முடிந்து வந்தால் காது மடலுக்குள் கரி இருக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவாள். எனக்குப் பிறந்தநாள் என்றால் புதுப் பாவாடை, கேசரி, பள்ளிக்கூடத்தில் கொடுக்க ஆரஞ்சு மிட்டாய். கேக் என்பது கிறிஸ்துமஸுக்குப் பெரம்பூரிலிருந்து வருவது. அப்பாவோடு ஓடிய ஆங்கிலோ இந்திய டிரைவரின் மனைவி கொடுத்தனுப்புவார். குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு கேக்கை வேகவைக்க அந்த ஆன்ட்டிதான் சொல்லிக்கொடுத்தார். இன்றும் எனக்குக் குக்கர்தான்.

வட்டமாக வெந்த கேக்கைச் சதுரமாக நறுக்கினால் ஓரமெல்லாம் மிஞ்சும். உதிர்த்துக் கோகோ பவுடரில் புரட்டினால் அசல் நிலக்கரி. மெல்போர்னில் இருக்கும் சித்தி மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். 1980-ல் ஆஸ்திரேலியாவில் வந்த பிறந்தநாள் கேக் புத்தகத்தின் அட்டை. அதிலும் ரயில்தான், பெட்டி நிறைய பாப்கார்ன். நானும் எஞ்சினுக்குப் பின்னால் ஒரு கரிப்பெட்டி கோர்க்கலாம் என்றிருந்தேன்.

அப்பா சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தார். "இது டேங்க் எஞ்சின்மா. தனியா டெண்டர் கிடையாது. தண்ணி ரெண்டு பக்கமும் டேங்க்ல, கரி பின்னாடி பங்கர்ல."

தாமஸ் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நம்பர் 1 எழுதியிருக்கும் அந்த நீலப் பெட்டிதான் தண்ணீர்த் தொட்டி! ஸ்விஸ் ரோலை நடுவில் பாய்லராகப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் தொட்டி கட்டினேன். சக்கரத்துக்கு வட்ட சாக்லேட் பிஸ்கட்.

தாமஸ் பிறந்ததும் வீட்டுக்குள்தான். போர்க் காலத்தில் தட்டம்மை கண்டு படுத்திருந்த மகனுக்காக இங்கிலாந்தில் வில்பர்ட் ஆட்ரி என்ற பாதிரியார் எஞ்சின் கதை சொன்னார். பிறகு அவனுக்கு மரத்தில் ஒரு குட்டி எஞ்சினும் செய்துகொடுத்தார். முதல் புத்தகம் 1945-ல், தாமஸ் வந்த புத்தகம் 1946-ல். உலகமெல்லாம் விற்கிற பொம்மைக்கு மூலம் ஒரு தகப்பன் சீவிய கட்டை என்பது எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

முகத்துக்குத்தான் நேரம் பிடித்தது. கருவிழியை நடுவில் வைத்தால் முறைக்கிறது. ஒரு நூல் பக்கவாட்டில் தள்ளினால் யாரையோ தேடுகிற முகம் வந்துவிடுகிறது. அவன் உட்காரப்போகும் நாற்காலிப் பக்கமாகத் தள்ளிவைத்தேன்.

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-ல் கோர்ட் உத்தரவால் நின்றது. அதுவரை ராயபுரத்தில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் கறுக்கும். இவன் கரியையே பார்த்ததில்லை. பங்கரில் விரல் விட்டு நக்கிப் பார்த்தவன் ஸ்பூனைத் தாத்தாவிடம் நீட்டினான். "நீ எப்படிப் போடுவே?"

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். "நடுவுல கொட்டக்கூடாதுடா. நாலு மூலைக்கும் பரத்திப் போடணும், அப்பதான் நெருப்பு சமமா எரியும்." காலை அகட்டி நின்று, இடுப்பைத் திருப்பி, ஸ்பூனை வீசிக் காட்டினார். பேரன் வாயைத் திறந்தான். ஒரு வாய்க் கரி உள்ளே போனது. அவ்வளவுதான், தெருப் பிள்ளைகள் அத்தனையும் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். நான் இன்னும் மெழுகுவத்தியே ஏற்றவில்லை.